கூந்தன்குளம் வட்டாரத்துக்கு வலசைப் பறவைப் படப் பயணம்: தேதி, வண்டி, குளம் பேசி முடிவு செய்வோம்

பொருநைக்கரை (பாளையங்கோட்டை):

எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி மழை இந்தத் தடவை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நாங்குநேரி வட்டாரக் குளங்கள் ஒவ்வொன்றாகப் பெருகி வருகின்றன. சேர்ந்து ஒரு தடவை போய் வரலாமே என்று இங்கே பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் மனதில் இருப்பது இரண்டு நாள். முதல் நாள் விடியலில் கூந்தன்குளமும் பக்கத்துக் காடன்குளமும். சாயந்திரம் விஜயநாராயணம் பெரிய குளம். மறுநாள் காலை மேற்கே திரும்பி அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூர். அது வலசைப் பறவைக்கான இடம் இல்லைதான், ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போனால் மனசு கேட்காது.

தங்குவது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம். கூந்தன்குளம் இங்கிருந்து பாளையங்கோட்டை, மூலைக்கரைப்பட்டி வழியாக 40 கிலோமீட்டருக்குள்தான். தை மாதம் சூரியன் எழ 6.40 ஆகிவிடும், அதனால் 5 மணிக்கு வண்டி எடுத்தால் இருட்டிலேயே கரையில் இறங்கி நிற்கலாம். வருகிறவர்கள் ஊர், கேமரா, லென்ஸ், ஏதாவது உடல் சிரமம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

எழும்பூர் ஷட்டர்:

நான் வருகிறேன் அண்ணாச்சி, கூட நண்பர்கள் மூன்று பேர். எல்லாரிடமும் 150-600 அல்லது 200-600 மி.மீ. லென்ஸ் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள், தேதியை இன்றைக்கே வையுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கிறது. பொங்கல் வாரம் என்றால் திறந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பொங்கல் விடுமுறையிலேயே வைத்தால் யாரும் லீவு கேட்க வேண்டியதில்லை.

அப்புறம், என்னிடம் சின்ன ட்ரோன் ஒன்று இருக்கிறது. வரித்தலை வாத்துக் கூட்டம் குளத்துக்கு மேலே வரும்போது மேலிருந்து ஒரு காட்சி எடுத்தால் அருமையாக இருக்கும். கொண்டு வரட்டுமா?

மருதநிலம் (அம்பாசமுத்திரம்):

அண்ணாச்சி, நானும் வருகிறேன். தேதி பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தம்பி பொறுத்துக்கொள்ளணும்.

தேதியைக் குறித்துவிட்டு அப்புறம் பறவையைத் தேடக் கூடாது. முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கொசு உள்ளானுக்கு வேண்டியது தண்ணீர் வற்றின ஈரச் சேறு. பொறி உள்ளானும் அதே ஓரத்தில்தான் திரியும். கருவால் மூக்கனுக்குக் கால் நீளம், கொஞ்சம் உள்ளே இறங்கி நின்று அலகைச் சேற்றுக்குள் முழுசாக விட்டுத் துழாவும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து வாலைத் தூக்கிக்கொண்டு மேயும், அதற்குக் கழுத்து அடிமண்ணைத் தொடுகிற ஆழம் வேண்டும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் ஆழத்திலேயே இருந்துகொள்ளும். ஆக ஒரு குளத்தில் என்ன பறவை இருக்கும் என்பதைத் தண்ணீர் மட்டம்தான் தீர்மானிக்கிறது.

குளம் நிறைந்து மறுகால் வழியாகத் தண்ணீர் வெளியே போகிற நேரத்தில் கரைக்குக் கரை தண்ணீர் தளும்பி நிற்கும். ஊர்க்காரருக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது, ஆனால் உள்ளான் காலூன்ற ஒரு முழம் சேறு இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை நம் பக்கத்தார் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர். பல குளங்கள் உடைந்தன. எங்கள் பக்கம் வயல் எது, குளம் எது என்றே தெரியாமல் கிடந்தது. எங்கும் தண்ணீர் இருந்தால் பறவை எங்கு வேண்டுமானாலும் இருக்கும், ஒரு குளத்தில் சேர்ந்து நிற்க அதற்கு அவசியம் இல்லை.

மழை பொய்த்த வருடம் நேர் எதிர். கூந்தன்குளமே வறண்டு, கூடு கட்ட வந்த நாரைகூடத் திரும்பிப் போய்விடும்.

பிசான நெல் சாகுபடிக்கு மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாயப் பாயக் குளம் மெல்ல இறங்கும். நல்ல மழை வருடத்தில் தை பாதிக்கு மேல் ஓரங்களில் சேறு தெரிய ஆரம்பிக்கும். அந்த நேரம்தான் நமக்கு வேண்டும். அதனால் தை கடைசியிலும் மாசி தொடக்கத்திலுமாக இரண்டு வாரக் கடைசிகளைக் குறித்து வைப்போம். ரயிலுக்கு இரண்டுக்குமே போட்டுவிட்டு ஒன்றை ரத்து செய்தால் பெரிய நஷ்டம் இல்லை. மார்கழி முடிவில் நானும் அண்ணாச்சியும் நேரில் போய்க் குளங்களைப் பார்த்துவிட்டு எது என்று சொல்கிறோம்.

பொங்கல் வாரம் வேண்டவே வேண்டாம். காணும் பொங்கலுக்குச் சனம் குடும்பம் குடும்பமாகக் குளக்கரைக்கு வரும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுவோம், திருச்செந்தூர் பாதயாத்திரைக் கூட்டத்தில் விடியற்காலை வண்டி ஓட்டுவது நல்லதில்லை.

எழும்பூர் ஷட்டர்:

புரிந்தது அக்கா. தண்ணீரை வைத்துத் தேதி என்பதை நான் யோசித்ததே இல்லை. இரண்டு வாரக் கடைசிக்கும் டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

மூலைக்கரை:

அண்ணாச்சி, அக்கா, வணக்கம். எனக்கு ஊர் மூலைக்கரைப்பட்டி, ஆச்சி வீடு கூந்தன்குளம். அதனால் ஊர்ப் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

கூந்தன்குளத்தில் பறவை குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள் இருக்கிறது. வீட்டுப் பின்னாலிருக்கும் மரத்தில் நாரை கூடு கட்டும். தை, மாசியில் ஆச்சி வீட்டு முற்றத்தில் நின்று மேலே பார்த்தால் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு இருக்கும். கீழே எச்சம், பாதி செரித்த மீன், அந்த வாடை. துணியை வெளியே காயப்போட முடியாது. ஆனாலும் அந்த மரத்தை வெட்ட யாருக்கும் மனசு வராது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, பிள்ளைகள்கூடக் கேட்காது. பறவை எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்று பெரியவர்கள் சொல்லியே வளர்த்தார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்த பால்பாண்டியைப் பற்றி இங்கே பல பேருக்குத் தெரிந்திருக்கும். 1994-இல் சரணாலயம் என்று அரசு அறிவித்தது, 2022-இல் உலக முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பும் வந்தது. இரண்டுக்கும் முன்னாலிருந்தே ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் மாசியில் ஒரு வேன் வந்தது. யார், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பறவை பறந்தால்தான் படம் என்று இரண்டு பேர் மரத்தடியில் நின்று கை தட்டினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். நாரை மொத்தமும் எழும்பிவிட்டது, உச்சி வெயிலில் குஞ்சுகள் கூட்டில் தனியாகக் கிடந்தன. வெயில் நேரத்தில் தாய்ப்பறவை எதற்குக் கூட்டிலேயே நிற்கிறது தெரியுமா? இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுக்கும், வாயில் தண்ணீர் கொண்டுவந்து அதன் மேலே ஊற்றும். பத்து நிமிடம் அது எழும்பிப் போனால் குஞ்சுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய பறவை இல்லாத நேரம் பார்த்துக் காக்கா முட்டையைத் தூக்கிவிடும்.

எங்கள் மாமா போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் அவர்கள் நிறுத்தினார்கள். அதிலிருந்து பெரிய லென்ஸோடு கும்பலாக வண்டி வந்தாலே ஊரில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். நம் குழு அப்படி இருக்காது என்று தெரியும், இருந்தாலும் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

வைகைவாசி (மதுரை):

தம்பி மூலைக்கரை எழுதியதைப் படித்து மனசு கனத்துப்போனது. நல்ல வேளை சொன்னீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவருகிறது. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் வர ஆசைப்படுகிறேன். முழங்கால் தேய்மானம், ஏறி இறங்குவது சிரமம். அதிக தூரம் நடக்காமல் உட்கார்ந்தே எடுக்க இடம் உண்டா? எனக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

பொருநைக்கரை:

வைகைவாசி சார், நீங்கள் கட்டாயம் வாருங்கள். கூந்தன்குளத்தில் சாலையை ஒட்டியே கரை, இறங்கினவுடனே பார்க்கலாம். காட்சிக் கோபுரம் ஒன்று இருக்கிறது, அதில் நீங்கள் ஏற வேண்டாம். உண்மையில் கோபுரத்திலிருந்து படம் அவ்வளவு நன்றாக வருவதில்லை, பறவையின் முதுகுதான் கிடைக்கும். மடக்கு நாற்காலி நான் கொண்டுவருகிறேன். கரைச் சரிவில் உட்கார்ந்தால் லென்ஸ் தண்ணீர் மட்டத்துக்கு இறங்கிவிடும், பறவையின் கண் நம் கண்ணுக்கு நேராக வரும். நிற்கிறவர்களைவிட உங்களுக்குத்தான் நல்ல படம் கிடைக்கும்.

ட்ரோன் விஷயத்தில் தம்பிக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், கொண்டுவர வேண்டாம். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தகவல் அனுப்பும் இடம். தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், மேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ. இந்த வட்டாரத்தில் ட்ரோனைத் தூக்கினால் விளக்கம் சொல்லவே நம் இரண்டு நாளும் போய்விடும். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடவும் முடியாது. இதெல்லாம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வானத்தில் சுற்றுகிற எதையும் வாத்து பருந்தாகத்தான் பார்க்கும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று குளத்தின் மேலே தாழப் பறந்தாலே மொத்தக் கூட்டமும் எழும்புகிறது, ட்ரோனுக்கு எழும்பாதா?

எழும்பூர் ஷட்டர்:

சரி அண்ணாச்சி, ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். கடற்படை நிலையம் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

வரித்தலை வாத்து கிட்டத்தில் கிடைக்குமா? இந்தப் பயணத்தில் எனக்கு அதுதான் முக்கியம்.

புதுலென்ஸ் (கோவை):

நானும் வரலாமா? என்னிடம் 70-300 மட்டும்தான் இருக்கிறது, எல்லாரும் 600 என்று எழுதுவதைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் வந்து கூந்தன்குளத்தில் கூடு கட்டுகின்றன என்று செய்திகளில் படிக்கிறேன். அப்படியென்றால் நாம் எடுக்கப்போகும் வலசைப் பறவைகள் மரத்தில்தான் இருக்குமா?

பொறி உள்ளான் (நாகர்கோவில்):

புதுலென்ஸ் மேடம், நல்ல கேள்வி. செய்திகளில் அடிக்கடி அப்படித்தான் வருகிறது, ஆனால் சரியில்லை. இரண்டு கூட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மரத்தில் கூடு கட்டுகிறவை மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கொக்கு வகைகள். இவை நம் நாட்டுப் பறவைகள். தண்ணீரையும் மீனையும் தேடி ஊர் விட்டு ஊர் போகும், நல்ல குளம் கிடைத்தால் கூடு கட்டும். கடல் கடந்து வருவதில்லை.

வடக்கே தொலைதூரத்திலிருந்து வருகிறவை வேறு. ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நீலச்சிறகு வாத்து, வரித்தலை வாத்து, உள்ளான் வகைகள், கருவால் மூக்கன், பச்சைக்காலி, சேற்றுப் பூனைப்பருந்து, மஞ்சள் வாலாட்டி, தகைவிலான் இதெல்லாம். இவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. குளிர்காலத்தை இங்கே கழித்து, உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டு, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போய் அங்கேதான் குஞ்சு பொரிக்கும். ஆகவே வலசைப் பறவை வேண்டும் என்றால் நம் கண் தண்ணீரிலும் சேற்றிலும் வயலிலும் இருக்க வேண்டும். அண்ணாந்து மரத்தைப் பார்ப்பது இரண்டாவது வேலை.

வரித்தலை வாத்து திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கிறது. இமயமலையைத் தாண்டுகிறது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் 7,000 மீட்டருக்கு மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்துக் காற்றில் ஆக்சிஜன் இங்கே இருப்பதில் பாதிகூட இருக்காது. அத்தனை தூரம் வந்து நாங்குநேரி வயக்காட்டில் புல் மேய்கிற பறவையை நாம் பத்தடி கிட்டே போகிற ஆசையில் எழுப்பிவிடக் கூடாது.

எழும்பூர் தம்பி கிட்டத்தில் கிடைக்குமா என்று கேட்டதற்குப் பதில்: நாம் போனால் கிடைக்காது, அது வந்தால் கிடைக்கும். கூட்டம் மேயும்போது கவனியுங்கள். பெரும்பாலானவை தலையைக் குனிந்திருக்கும், ஒன்றிரண்டு மட்டும் கழுத்தை நிமிர்த்தி நிற்கும். நாம் நெருங்கினால் நிமிர்ந்த கழுத்துகள் கூடும். மேய்ச்சல் நிற்கும். மெதுவாக எதிர்ப் பக்கம் நடக்கத் தொடங்கும். அதற்கு அடுத்தது பறப்பதுதான். மூன்று கழுத்து நிமிர்ந்ததுமே நாம் நின்றுவிட வேண்டும், நடக்க ஆரம்பித்தால் பின்வாங்க வேண்டும். அப்படியே உட்கார்ந்துவிட்டால் மறுபடி தலை குனியும், சில நேரம் மேய்ந்துகொண்டே நம் பக்கமாகவும் வரும்.

70-300 தாராளமாகப் போதும். உங்களுக்குக் கூட்டமும் குளமும் சேர்ந்த படம் கிடைக்கும். 600 வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஒரு பறவையின் கழுத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று. காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ உள்ள பறவை கண்ணில் பட்டால் அழகு பார்க்க வேண்டாம், எழுத்தும் எண்ணும் தெரிகிற மாதிரி தொடர்ச்சியாக எடுங்கள். மங்கோலியாவில் வரித்தலை வாத்துகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி விட்டிருக்கிறார்கள். அந்த எண் தெளிவாக இருந்தால் அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்றே கண்டுபிடித்துவிடலாம். நாம் எடுக்கும் படங்களில் அதைவிடப் பயனுள்ளது வேறு இருக்காது என்பது என் எண்ணம்.

புதுலென்ஸ்:

மிக்க நன்றி சார். வருகிறேன். ரயிலுக்கு இப்போதே பார்க்கிறேன்.

மருதநிலம்:

ஆள் எண்ணிக்கை பேச வேண்டும். இதுவரை கைதூக்கினவர்கள், அவர்களுடைய நண்பர்கள், நமக்குத் தனியாகச் சொன்னவர்கள் எல்லாம் சேர்த்துப் பதினான்கு ஆகிறது. பதினான்கு பேர் ஒரே கரையில் வரிசையாக நின்றால் அது பறவைக்கு மதில் கட்டின மாதிரி. இரண்டு குழுவாகப் பிரிந்து இரண்டு குளத்துக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கரையில் ஒரு நேரத்தில் ஏழு பேருக்கு மேல் வேண்டாம், அந்த ஏழு பேரும் இரண்டு மூன்றாக விலகி உட்கார வேண்டும்.

எழும்பூர் ஷட்டர்:

இதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை அக்கா. சேர்ந்து போகத்தானே இந்தப் பயணம்? இரண்டாகப் பிரிந்தால் ஒரு குழுவுக்கு வரித்தலை வாத்து கிடைக்கும், இன்னொரு குழு விஜயநாராயணத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு எப்போது வருமோ தெரியாது. சீனியர்களிடமிருந்து கற்றுக்கொள்ளவும் முடியாது.

வைகைவாசி:

எழும்பூர் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நானும் பேச்சுத் துணைக்காகத்தான் பாதி வருகிறேன். காலையில் ஒரு குழு ஒரு குளம், சாயந்திரம் குளத்தை மாற்றிக்கொள்ளலாம். மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, எடுத்ததைப் பார்த்துப் பேசலாம். எப்படியும் காலை 10 மணிக்கு மேல் 3.30 வரைக்கும் படம் எடுக்க முடியாது இல்லையா?

பொருநைக்கரை:

வைகைவாசி சார் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. நாங்குநேரிப் பக்கத்து வெயில் தை மாதத்திலும் சும்மா இருக்காது. 9.30 தாண்டினால் குளத்தின் மேல் கானல் எழும்பும், தூரத்துப் பறவை அடுப்புக்கு மேலே தெரியும் சுவர் மாதிரி நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கின லென்ஸானாலும் அந்தக் காற்றை மீறி எடுக்க முடியாது. அந்த நேரத்தைப் பேசுவதற்கு வைத்துக்கொள்வோம்.

கற்றுக்கொள்வது பற்றி: ஒரு குழுவில் நானும் பொறி உள்ளானும், இன்னொன்றில் மருதநிலம் டீச்சரும் மூலைக்கரைத் தம்பியும். எழும்பூர் நண்பர்கள் நான்கு பேரும் ஒரே குழுவில் இல்லாமல் இரண்டு இரண்டாகப் பிரிந்து இருங்கள், அப்போதுதான் புது ஆட்களோடு பழக்கம் வரும்.

கேமரா பற்றிப் புதியவர்களுக்குச் சில வார்த்தை. காலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கிற கரைதான் நம் கரை, சாயந்திரம் மாற வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000-க்குக் குறையாமல் வைத்து ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள், விடியலில் அது 3200 போனாலும் பயப்பட வேண்டாம். கூழைக்கடாவும் கரண்டிவாயனும் வெள்ளை. வெயில் ஏறினதும் கேமரா சொல்கிற அளவில் எடுத்தால் இறகு விவரமெல்லாம் வெந்து வெள்ளைத் தாளாகிவிடும், வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். ரா கோப்பாகவே எடுங்கள். முக்காலி கரைச் சரிவில் நிற்காது, ஒரு துணிப்பையில் மணலோ அரிசியோ போட்டுக் கொண்டுவந்தால் லென்ஸுக்கு அதுவே தாங்கல்.

வண்டியும் நல்ல மறைவுதான். வயக்காட்டுச் சாலையில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி உள்ளேயே இருந்தால் பறவை நம்மைப் பொருட்படுத்தாது. கதவைத் திறந்து கால் கீழே பட்டால் போய்விடும்.

மூலைக்கரை:

வயலில் இறங்கும்போது ஒரு விஷயம். அது பிசான நெல் கதிர் பிடிக்கிற நேரம். வரப்பு ஈரமாக இருக்கும், ஆள் ஆளாக மிதித்தால் உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். வயலில் யாராவது நின்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். "எந்த ஊரு, என்ன படம்" என்று விசாரிப்பார்கள், கேமராத் திரையில் படத்தைக் காட்டினால் எந்தப் பக்கம் வாத்து இறங்குகிறது என்று அவர்களே கூட்டிக்கொண்டு போவார்கள்.

கூந்தன்குளத்தில் பெரிய ஹோட்டல் கிடையாது. காலைச் சாப்பாடு மூலைக்கரைப்பட்டியிலேயே பார்சல் வாங்கிக்கொள்ளலாம். டீயும் வடையும் ஊர்க் கடையில் வாங்குங்கள். வருகிறவர்களால் ஊருக்கு நாலு காசு கிடைத்தால் பறவையால் வருகிற சிரமத்தைத் தாங்குகிறவர்களுக்கும் ஒரு ஆறுதல்.

மத்தியானச் சாப்பாடு பதினான்கு பேருக்கு ஆச்சி வீட்டிலேயே சொல்லிவிடவா? சித்தியும் அத்தையும் சேர்ந்து சமைப்பார்கள், செலவை மட்டும் கொடுத்தால் போதும். முற்றத்தில் உட்கார்ந்தால் பறவையை எழுப்பாமலே மரத்துக் கூடுகளைப் பார்க்கலாம், அந்தப் பறவைகள் எங்களுக்குப் பழகினவை.

மருதநிலம்:

தம்பி, அந்த ஒரு வரிக்கே நான் வந்துவிடுவேன். சொல்லிவிடுங்கள், சைவம் எத்தனை பேர் என்று கணக்கு நான் எடுத்துத் தருகிறேன்.

கருவேலங்காடு (தூத்துக்குடி):

இழையை இப்போதுதான் பார்த்தேன். முதல் நாள் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் என்ன திட்டம்? சூறைக்குருவி அடையும் இடம் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருகிற பறவை. பகலெல்லாம் சோளக்காட்டிலும் தரிசிலும் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டுச் சூரியன் மறைகிற நேரத்தில் குளத்துச் சீமைக்கருவேல மரங்களில் அடையக் கூட்டம் கூட்டமாகத் திரளும். அந்த நேரத்தில் நீளமான லென்ஸ் வேண்டாம், 24-70 வைத்தால் வானம் முழுக்க அடங்கும்.

தூத்துக்குடி உப்பளத்தில் பூநாரை பார்க்க ஒரு நாள் கூட்டினால் என்ன?

பொருநைக்கரை:

உப்பளம் இந்தத் தடவை வேண்டாம் அண்ணே. ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடைத்தால் வேனுக்குள்தான் இருப்போம். தனியாக ஒரு நாள் வைப்போம், உப்பள உரிமையாளரிடம் அனுமதி கேட்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் வருகிறேன். சூறைக்குருவி யோசனை அருமை, இருட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரத்தை அதற்கு ஒதுக்கிவிடலாம்.

எழும்பூர் ஷட்டர்:

குழுப் பிரிப்புக்கு ஒப்புக்கொள்கிறேன். சாயந்திரம் மாற்றிக்கொள்வது என்றால் எல்லாருக்கும் இரண்டு குளமும் கிடைத்துவிடுகிறது. ஒரு கேள்வி: அங்கிருந்தே இன்ஸ்டாவில் நேரலை போடலாமா? எனக்குப் பின்தொடர்பவர்கள் கொஞ்சம் இருக்கிறார்கள், கூந்தன்குளத்துக்கு நல்ல விளம்பரமாக இருக்கும்.

மருதநிலம்:

கூந்தன்குளம் என்று சொல்வதில் தப்பே இல்லை, அது ஊரறிந்த இடம், கணக்கும் காவலும் உண்டு. வெளியே உள்ள சின்னக் குளங்களைத்தான் சொல்லக் கூடாது. ஒரு பெயர் தெரியாத குளத்தில் நல்ல பறவை நிற்கிறது என்று இடக்குறியோடு அன்றைக்கே போட்டால் மறுநாள் காலையில் அங்கே பத்து வண்டி நிற்கும், தடுக்க வனக்காவலரும் இருக்க மாட்டார். படத்தைப் பங்குனிக்கு மேல் போடுங்கள், இடத்துக்குத் திருநெல்வேலி மாவட்டம் என்று மட்டும் எழுதுங்கள். கூட்டுப் படம் எந்த மரம் என்று தெரிகிற மாதிரி வேண்டாம். பறவைக் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கிடையாது.

பார்த்ததைப் பதிவு செய்ய நல்ல வழி ஒன்று இருக்கிறது. தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்துகிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நான் அதில் போய்த்தான் உள்ளான்களை இனம் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். கேமராவை இறக்கி வைத்துவிட்டு ஒரு காலை முழுக்கத் தொலைநோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தால் பறவை என்ன செய்கிறது என்று புரியும், அப்புறம் எடுக்கிற படமே வேறு மாதிரி வரும். முடிந்தவர்கள் அதற்கும் பெயர் கொடுங்கள்.

எழும்பூர் ஷட்டர்:

சரி அக்கா. நேரலை இல்லை. கணக்கெடுப்புக்கு நானும் ஒரு நண்பரும் வருகிறோம்.

வைகைவாசி:

மறுநாள் திருப்புடைமருதூர் பற்றி யாரும் பேசவில்லையே. நான் கோயிலுக்காகவே அங்கே போயிருக்கிறேன். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஒவ்வொரு தளத்திலும் சுவர் ஓவியம். வெளியே வந்தால் பெரிய பெரிய மருத மரங்களில் கொக்கும் நாரையும் இரைச்சல் போடும்.

பொறி உள்ளான்:

ஆமாம் சார். தாமிரபரணியும் கடனா ஆறும் சேருகிற இடம். ஊர்க்காரர்களே கேட்டு, 2005-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது, பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. கோயில் மரத்து நிழலில் வெளிச்சம் குறைவு, அங்கே அதிக நேரம் வேண்டாம். காலை இரண்டு மணி நேரம் போதும்.

பொருநைக்கரை:

மார்கழி கடைசி ஞாயிறு நானும் டீச்சரும் குளங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். கூந்தன்குளம் நிறைந்திருக்கிறது, நாரைகள் குச்சி சுமக்கத் தொடங்கிவிட்டன. காடன்குளத்தில் தென்மூலையில் கொஞ்சம் சேறு தெரிகிறது, பொறி உள்ளானும் பச்சைக்காலியும் வந்தாயிற்று. விஜயநாராயணம் இன்னும் ஆழம்தான், நடுவில் ஊசிவால் வாத்து பெரிய கூட்டமாக மிதக்கிறது, கரையிலிருந்து எட்டாது. வரித்தலை வாத்து கூந்தன்குளத்துக்குக் கீழ்ப்பக்க வயலில் ஒரு கூட்டம் பார்த்தோம். மடை திறந்துவிட்டார்கள், இன்னும் மூன்று நான்கு வாரத்தில் தண்ணீர் இறங்கிவிடும் என்று மடைக் காவல்காரர் சொன்னார்.

அதனால் இரண்டாவது வாரக் கடைசி, மாசித் தொடக்கம், அதுதான் முடிவு. முதல் தேதிக்கான டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

வனத்துறை அலுவலகத்தில் குழுவாக வருகிறோம் என்று சொல்லிவிட்டேன், பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். பெரிய வேன் ஒன்றுக்குப் பதில் சின்ன வண்டி இரண்டு பேசியிருக்கிறேன், ஆளுக்குக் கொஞ்சம் கூடும், ஆனால் இரண்டு குளம் என்பதால் அதுதான் தோது. ஹாரன் அடிக்கக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது என்று டிரைவர்களிடம் பேசியாயிற்று. மண் நிறம், இலைப் பச்சை, காக்கி எது இருக்கிறதோ அந்தச் சட்டை போட்டு வாருங்கள், வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். அவரவர் தண்ணீர் பாட்டில் அவரவரே கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் எதுவும் கரையில் விழக் கூடாது.

வெள்ளி இரவு வருகிறவர்கள் யார், சனி காலை நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்குகிறவர்கள் யார் என்று எழுதுங்கள். சனி காலை இறங்கினால் விடியல் வெளிச்சம் போய்விடும், கூடியவரை முந்தின நாளே வந்துவிடப் பாருங்கள்.

எழும்பூர் ஷட்டர்:

நாங்கள் நாலு பேரும் வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறோம். அறை சொல்லி வையுங்கள் அண்ணாச்சி.

புதுலென்ஸ்:

நானும் தங்கையும் வெள்ளி இரவு. அவளிடம் கேமரா இல்லை, தொலைநோக்கி மட்டும்தான். பரவாயில்லையா?

மருதநிலம்:

தாராளமாக வரட்டும்மா. வளையம் போட்ட பறவை நின்றால் முதலில் கண்ணில் படுவது தொலைநோக்கிக்காரருக்குத்தான். நீங்கள் இரண்டு பேரும் என் குழுவில், என் அறையிலேயே தங்கிக்கொள்ளலாம்.

மூலைக்கரை:

சாப்பாட்டுக் கணக்கு: சைவம் ஐந்து, மற்றவர்களுக்கு மீன் குழம்பு. பதினைந்தாவது ஆளுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன். வேறு யாராவது கூடினால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், சித்தி வெள்ளிக்கிழமை மூலைக்கரைப்பட்டிச் சந்தைக்குப் போவார்கள்.